லியோனில் ஒரே ஒரு சனிக்கிழமை: எதைப் பார்ப்பது, சைவம் சாப்பிடுகிறவர் என்ன சாப்பிடுவது?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். அக்டோபர் நடுவில் பிரான்சுக்கு வருகிறீர்கள். லியோனில் க்ருவா-ரூஸ் மேட்டில் குடியிருக்கும் கல்லூரி நண்பர் வீட்டில் தங்குகிறீர்கள். அவருக்கும் அவருடைய பிரெஞ்சு மனைவிக்கும் வேலை இருப்பதால், நால்வரும் சேர்ந்து சுற்றக் கிடைப்பது ஒரு சனிக்கிழமைதான். நீங்கள் எல்லாம் சாப்பிடுவீர்கள். உங்கள் மனைவி இறைச்சி, மீன் தொடமாட்டார், பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்வார். நீளமான ஒரு இடப்பட்டியலைக் கொடுத்து இதில் எதை விடலாம் என்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடைசி வரியில்தான் இருக்கிறது: "சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் என் மனைவி உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்திருக்கக் கூடாது, நண்பர்களுக்கும் நாங்கள் சுமையாகிவிடக் கூடாது." அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். இடங்கள் தானாக அதைச் சுற்றி அமைந்துவிடும்.

நான் லியோனில் பல வருடம் உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்தவன், பெரும்பாலும் பூஷோன் என்று இங்கே சொல்கிற சிறிய உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளில். தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி நான் சொல்வது நேரடி அனுபவம். ஊரின் வரலாறு படித்துத் தெரிந்துகொண்டது, அதனால் அதில் எது உறுதி, எது ஊர்க்கதை என்று பிரித்துச் சொல்கிறேன். என் யோசனை இதுதான்: உங்கள் மனைவிக்கு லியோனின் உண்மையான ருசி கிடைக்கப்போவது மதியம் பூஷோனில் இல்லை. காலையில் சந்தையில் வாங்கி, இரவில் நண்பர் வீட்டு அடுப்பில் சமைத்தால்தான் கிடைக்கும். மதியச் சாப்பாடு உங்களுக்கு, இரவுச் சாப்பாடு அவருக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் குறையிருக்காது.

பூஷோனில் சைவம் ஏன் கஷ்டம் என்பதைச் சமையலறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உணவுப் பட்டியலைப் பார்த்தால் அது தெரியாது. லியோன் சாலட் என்றால் கீரை இலை, பொரித்த ரொட்டித் துண்டு, வேகவைத்த முட்டை, பன்றிக்கொழுப்புத் துண்டுகள். "பன்றி இல்லாமல் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் பல சமையலறைகளில் அந்தத் துண்டுகளை வதக்கிய சட்டியிலேயே வினிகர் ஊற்றி, அந்தக் கொழுப்போடுதான் இலைகளைப் புரட்டுவோம். துண்டுகளை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வெங்காயச் சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. பயறு சாலட்டில் பன்றித் துண்டோ தொத்திறைச்சியோ இருக்க வாய்ப்பு அதிகம். கார்தோன் என்ற தண்டுக்காயை மேலே சிவக்கச் சுட்டெடுக்கும் கிராத்தான் பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் லியோன் முறைப்படி அதில் எலும்பு மஜ்ஜை சேரும். நம்பிச் சாப்பிடக்கூடியது உருளைக்கிழங்கைப் பாலிலும் க்ரீமிலும் பூண்டோடு சுட்டெடுக்கும் கிராத்தான் தோஃபினுவா. அதோடு செர்வேல் து கனூ: வடித்த புதுப் பாலாடையில் சின்ன வெங்காயம், மூலிகை இலை, எண்ணெய், வினிகர் கலந்தது. இரண்டும் ருசியானவை, ஆனால் ஒருவருக்கு முழுச் சாப்பாடாகப் போதாது.

அதனால் மேசையைப் பதிவு செய்யும்போதே நண்பரின் மனைவியிடம் சொல்லி, தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "எல் ந மான்ஜ் நி வியாந்த், நி புவாசோன், நி லார்தோன்" என்று மூன்றையும், அதாவது இறைச்சி, மீன், பன்றித் துண்டு எல்லாவற்றையும், பெயர் சொல்லி மறுத்தால்தான் சமையல்காரருக்கு உறைக்கும். இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால் நாங்கள் ஏதாவது செய்துவைப்போம். கூட்டம் நிரம்பிய சனிக்கிழமை மதியம் திடீரென்று கேட்டால் யாராலும் நன்றாகச் செய்ய முடியாது.

இனி நாளைத் தொடங்கலாம். காலை எட்டரைக்கு க்ருவா-ரூஸ் பூல்வார் என்ற அகன்ற சாலையில் நடக்கும் சந்தை. திங்கள் தவிர மற்ற நாள் காலையில் நடக்கும், சனிக்கிழமை இயற்கை விவசாயிகளும் கடை போடுவார்கள். உங்கள் நண்பர் வீட்டுக்கு நடக்கும் தூரம்தான். எல்லோரும் பரிந்துரைக்கும் பால் பொக்யூஸ் அங்காடியை, அதாவது 1971-ல் திறந்து 2006-ல் அந்தச் சமையல் மேதையின் பெயர் வைத்த மூடிய சந்தையை, இந்த ஒரு நாளில் விட்டுவிடுங்கள். அது அருமையான இடம், ஆனால் ரோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்-தியூ பகுதியில் இருக்கிறது. போய்வந்தால் காலை முடிந்துவிடும், விலையும் கூடுதல். பூல்வார் சந்தையில் உள்ளூர்க்காரர்களோடு வரிசையில் நின்று வாங்கலாம். எந்தக் கடையிலும் முதலில் "போன்ஜூர்", அப்புறம்தான் கேள்வி. பழத்தைக் கையால் எடுத்து அழுத்திப் பார்க்காதீர்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

அக்டோபரில் வாங்க வேண்டியவை: செப் காளானோ ஜிரோல் காளானோ, கிரெனோபிள் வால்நட், பேரிக்காய், திராட்சை, அப்புறம் பாலாடைக்கட்டி. சான்-மர்செலான் சிறிய வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். நன்றாகப் பழுத்தது தட்டில் வைத்தவுடன் வழியத் தொடங்கும். எப்போது சாப்பிடப்போகிறீர்கள் என்று விற்பவர் கேட்பார். "இன்று இரவு" என்று சொன்னால் அதற்கேற்ற பதத்தில் எடுத்துத் தருவார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வது முக்கியம், ஏனென்றால் ஒரே கடையில் ஒரே கட்டி மூன்று பதத்தில் இருக்கும். உங்கள் மனைவி எந்த அளவுக்குக் கண்டிப்பானவர் என்பது எனக்குத் தெரியாததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பாரம்பரியப் பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவை கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைத்தவை. கொந்தே, ரோக்ஃபோர் இரண்டிலும் விலங்கு உறைபொருள்தான். அது வேண்டாம் என்றால் தாவர உறைபொருளில் செய்தது இருக்கிறதா என்று கேளுங்கள், சில சிறு பண்ணைகளில் கிடைக்கும்.

இப்போது முக்கியமான பொருள். லியோனின் அடையாளமான கெனெல் மீன் இல்லாமலும் உண்டு என்பது வெளியூர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது. பூஷோனில் வருவது பைக் என்ற ஆற்றுமீனின் சதையை மாவு, பால், வெண்ணெய், முட்டையோடு அரைத்து உருட்டியது. அதே உருண்டையை மீன் சேர்க்காமல் செய்து "கெனெல் நாத்யூர்" என்று கடைகளில் விற்கிறார்கள். உள்ளூர் வீடுகளில் வாரநாள் இரவுச் சாப்பாடாக அதிகம் சுடுவது இதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய செய்முறைகளில் மாட்டுச் சிறுநீரகக் கொழுப்பு சேரும். இன்று வெண்ணெய் சேர்த்தது எளிதில் கிடைக்கிறது, இருந்தாலும் சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். தலைக்கு இரண்டு போதும்.

வீட்டுக்குத் திரும்பியதும் செர்வேல் து கனூவைக் கலந்து குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. மாலைக்குள் வெங்காயமும் மூலிகையும் பாலாடையில் ஊறி, கடையில் சாப்பிடுவதைவிட நன்றாக இருக்கும். இந்த இடத்தில் உங்கள் இரண்டாவது கவலையும் தீர்கிறது: சந்தைச் செலவு உங்களுடையது, இரவுச் சமையலும் உங்களுடையது என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். வாரம் முழுக்க வேலை பார்த்த ஒரு குடும்பத்துக்கு, சனிக்கிழமை இரவு தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பரிமாறப்படுவதைவிட நல்ல பரிசு கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கும் நீங்களே பணம் கொடுங்கள்.

பத்து மணிக்கு மேட்டிலிருந்து நடந்து இறங்குங்கள், ஏறவே வேண்டாம். பூல்வாரின் கிழக்கு முனையில் க்ரோ கையூ என்ற பெரிய பாறை இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து பனியாறு இழுத்துவந்து போட்டது, சுரங்கம் தோண்டும்போது வெளிப்பட்டது. அங்கிருந்து கீழே ரோன் ஆறும் நகரத்தின் கிழக்குப் பகுதியும் தெரியும். இறங்கும் வழியில் வீடுகளின் ஜன்னல்களைக் கவனியுங்கள், எல்லாம் உயரமானவை. 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் பட்டு நெசவாளர்களுக்காகக் கட்டியவை இவை. ஜக்கார்டு தறி உயரமானது என்பதால் அறைகளின் கூரை நான்கு மீட்டர் வரை போகும். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகளோடு இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியைப் பார்த்திருந்தால், அது இந்த ஊர்க்காரரான ஜோசஃப் மரி ஜக்காரின் பெயரில் வழங்குவதுதான். உங்கள் மனைவிக்குப் பட்டில் ஆர்வம் இருந்தால் மேட்டிலேயே இருக்கும் மேஸோன் தே கனூ என்ற நெசவாளர் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பழைய தறியில் நெய்து காட்டுவார்கள். இந்த நெசவாளர்கள்தான் 1831 நவம்பரில் கூலி விகிதம் கேட்டுக் கீழே இறங்கி, சில நாட்கள் நகரத்தையே கையில் வைத்திருந்தவர்கள். "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்று அவர்கள் கறுப்புக் கொடியில் எழுதியதை இன்றும் இந்தச் சரிவில் மக்கள் சொல்வார்கள்.

கொல்பெர் சதுக்கத்தில் 9-ம் எண் வாசல் வழியாக உள்ளே போனால் கூர் தே வொராஸ் என்ற முற்றம். ஆறு மாடி உயரத்துக்குத் திறந்த படிக்கட்டு எழும்பி நிற்கும். கட்டடங்களுக்கு ஊடாகத் தெருவுக்குத் தெரு போகும் இப்படிப்பட்ட வழிகளுக்குத் த்ராபூல் என்று பெயர். பட்டு நனையாமல் சுமந்துபோகத்தான் த்ராபூல்களைக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நெசவாளர்கள் இவற்றைப் பயன்படுத்தினார்கள் என்பது சரி. ஆனால் அதற்காகவே கட்டப்பட்டவை என்பதை எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது, ஏனென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய லியோனில் உள்ள பல த்ராபூல்கள், இந்த மேட்டில் நெசவாளர்கள் குடியேறுவதற்கு நூற்றாண்டுகள் முந்தியவை. குறுகிய மனைகளில் பின்கட்டுக்குப் போக வழி வேண்டும் என்பது எளிமையான காரணம், எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது. இவை இன்றும் குடியிருப்புகள். மெதுவாகப் பேசுங்கள், மூடிய கதவைத் தள்ளாதீர்கள். காலையில் போனால் அதிகமான கதவுகள் திறந்திருக்கும்.

சரிவின் அடியில் ரோன் பக்கம் ருய் ருவயால் என்ற தெரு. எஷெனி ப்ரசியே என்ற சமையல்காரப் பெண்மணி 1921-ல் தன் உணவகத்தைத் திறந்தது அங்கேதான். 1933-ல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லான் வழிகாட்டி நூல் மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது, அதுவரை யாருக்கும் கிடைக்காத மரியாதை. பணக்கார வீடுகளில் சமையல் செய்த பெண்கள் தனியாகக் கடை வைத்ததுதான் இந்த ஊரின் சாப்பாட்டுப் பெருமைக்கு அடித்தளம். பொக்யூஸும் ப்ரசியேயின் சமையலறையில் பயிற்சி எடுத்தவர்தான். உள்ளே சாப்பிட வேண்டியதில்லை, அந்த வாசலைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்லுவேன்.

பூஷோனில் பன்னிரண்டு மணிக்கே உட்காருங்கள். இரண்டு மணிக்கு மேல் பெரும்பாலான சமையலறைகள் அடுப்பை அணைத்துவிடும், பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியல் சின்னதாக இருக்கும், அதில் குடல், ஈரல் வகைகள் கட்டாயம் இருக்கும். 2012-ல் தொடங்கிய "லெ பூஷோன் லியோனே" என்ற முத்திரை வாசலில் இருந்தால் ஓரளவு நம்பலாம். முத்திரை வாங்காத நல்ல கடைகளும் உண்டு, அதனால் உங்கள் நண்பர் ஒரு கடையைச் சொன்னால் என் பேச்சைவிட அவர் பேச்சைக் கேளுங்கள்.

நீங்கள் கெனெல் கேளுங்கள், நண்டு வகையைச் சேர்ந்த நன்னீர் எக்ரவிஸில் செய்த நான்துவா குழம்போடு. அடுப்பிலிருந்து வரும்போது பூரி மாதிரி உப்பியிருக்கும், சில நிமிடத்தில் அமுங்கும், அதனால் படம் எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு உடனே சாப்பிடுங்கள். வீட்டில் ஆட்டுக்குடல் சாப்பிட்டு வளர்ந்தவர் என்றால் தாப்லியே து சப்பரையும் தைரியமாகக் கேட்கலாம். மாட்டு இரைப்பையை வெள்ளை ஒயினில் ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது அது. அந்துயெத் வேறு விஷயம். குடலைக் குடலுக்குள்ளேயே அடைத்தது, வாசனை கடுமையாக இருக்கும். முதல்முறை நண்பரின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். போஜொலே ஒயின் வேண்டுமென்றால் "போ" கேளுங்கள், அடி தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் வரும். குடிநீர் குடுவையும் ரொட்டியும் இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது. மனம் நிறைந்தால் கொஞ்சம் சில்லறை வைத்துவிட்டு வரலாம், வைக்காவிட்டாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இரண்டரை மணிவாக்கில் நடைப்பாலம் வழியாகச் சோன் ஆற்றைக் கடந்தால் பழைய லியோன். 15, 16-ம் நூற்றாண்டு வீடுகள், சந்தைக்கு வந்த இத்தாலிய வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் விட்டுச்சென்ற முற்றங்கள். 1960-களின் தொடக்கம்வரை இடிபடும் அபாயத்தில் இருந்த பகுதி இது. 1962-ல் பழைய நகரப் பகுதிகளைக் காக்கும் மால்ரோ சட்டம் வந்தது, 1964-ல் அதன்கீழ் பிரான்சிலேயே முதலாவதாகப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இதை அறிவித்தார்கள். சான்-ஜான் தெரு 54-ம் எண்ணில் நுழைந்து பியூஃப் தெரு 27-ம் எண்ணில் வெளியே வரும் நீளமான த்ராபூலை மட்டும் பாருங்கள், மற்றவற்றைத் தேடி அலைய வேண்டாம். கடைத்தெருவும் சனிக்கிழமைக் கூட்டமும் சீக்கிரம் சலித்துவிடும்.

ஃபூர்வியேர் குன்றுக்குப் போக வியூ லியோன் நிலையத்திலிருந்து கயிற்று ரயில் இருக்கிறது, மெட்ரோ டிக்கெட்டே செல்லும். இதை நான் மாலைக்கு வைத்ததற்குக் காரணம் வெளிச்சம். மேலே உள்ள மேடை கிழக்கைப் பார்த்தது. காலையில் சூரியன் கண்ணில் அடிக்கும், பிற்பகலில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், கீழே இரண்டு ஆறுகளும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் தெளிவாகத் தெரியும். காற்று தெளிவாக இருந்தால் மோன் ப்ளான் சிகரமும் தெரியும், ஆனால் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1872-ல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் உள்ளே முழுக்க மொசைக். சிலருக்கு அலங்காரம் அதிகமாகத் தோன்றும், எனக்கு அந்தக் கீழ்த்தளக் கோயில்தான் அதிகம் பிடிக்கும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ரோமானிய அரங்கம், நுழைவு இலவசம். கி.மு. 43-ல் லுக்துனும் என்ற பெயரில் இந்த ஊரை நிறுவிய சில பத்தாண்டுகளுக்குள், அகுஸ்துஸ் காலத்தில் கட்டத் தொடங்கியது. விரிவாக்கிய பிறகு சுமார் 10,000 பேர் உட்காரும் இடம். பட்டியலில் நீங்கள் கேள்விக்குறி போட்டிருந்த லுக்துனும் அருங்காட்சியகத்தைத் தயவுசெய்து விடாதீர்கள். குன்றுக்குள் புதைந்து 1975-ல் திறந்த கட்டடம், அகன்ற ஜன்னல் வழியாக அரங்கம் தெரியும். உள்ளே கிளாடியுஸ் பலகை என்ற வெண்கலத் தகடு இருக்கிறது. இதே ஊரில் பிறந்த பேரரசர் கிளாடியுஸ், கி.பி. 48-ல் கோல் நாட்டவர்களையும், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியைச் சேர்ந்தவர்களையும், ரோம் செனட்டில் சேர்க்க வேண்டும் என்று பேசிய பேச்சு அதில் பொறித்திருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று ஒரு பேரரசர் வாதாடுவதை, இங்கே வந்து குடியேறிய என் போன்றவர்கள் படிக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. மணியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறு மணிவாக்கில் மூடிவிடும்.

திரும்ப: கயிற்று ரயில், டி மெட்ரோவில் பெல்கூர், அங்கே ஏ, ஒத்தேல் து வில்லில் சி. சி மெட்ரோ பல்சக்கரத் தண்டவாளத்தில் உங்களை மேட்டுக்கு இழுத்துப் போகும். வீட்டில் காளானை வெண்ணெயில் வதக்கி, மாவும் பாலும் க்ரீமும் சேர்த்துக் குழம்பு செய்யுங்கள். நீர்க்கவே இருக்கட்டும், கெனெல் நிறைய உறிஞ்சும். ஆழமான பாத்திரத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, குழம்பை ஊற்றி, 180 டிகிரியில் அரை மணி நேரம். நடுவில் கதவைத் திறக்க வேண்டாம், இரண்டு மடங்காக உப்பும். எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். கூடவே வால்நட் சாலட், வேகவைத்த உருளைக்கிழங்கோடு காலையில் கலந்துவைத்த செர்வேல் து கனூ. இங்கே பாலாடைக்கட்டி இனிப்புக்கு முன்னால் வரும். கடைசியில் அடுமனையில் வாங்கிய தார்த், அதாவது சர்க்கரை பூசிய பாதாமான இளஞ்சிவப்பு ப்ராலின் போட்ட இனிப்பு. சில தயாரிப்பாளர்கள் அந்தச் சிவப்புக்கு ஈ 120 என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சாயத்தைச் சேர்க்கிறார்கள். உங்கள் மனைவிக்கு அது பொருட்டு என்றால் கேட்டு வாங்குங்கள்.

அக்டோபரில் மழை வரலாம். அப்படியானால் குன்றை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டி மெட்ரோவில் மோன்ப்ளேசிர்-லூமியேர் போங்கள். லூமியேர் சகோதரர்கள் 1895-ல் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதைப் படம் பிடித்த இடம் அது. அந்தக் கொட்டகையை இன்று சினிமா அரங்கமாக வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே அவர்களுடைய குடும்ப மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது. சந்தையும் மதிய மேசையும் இரவுச் சமையலும் மழையிலும் அப்படியே நடக்கும். நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் இரண்டு அருங்காட்சியகங்களின் நேரத்தையும் அந்த வாரமே பார்த்துவிடுங்கள். பூஷோன் மேசையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.